பூட்டும் அமர்வும்

ஒரே கணக்கேட்டில் இரு கணக்கர் ஒரே வேளையில் எழுதப் புகுந்தால் எவர் எழுதிய தொகை நிற்கும்? ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே அடித்துவிடக்கூடும். கணினி வலையமைப்புகளைப் பேணுவோர்க்கும் இத்தகைய இடர் உண்டு. தரவுகளை வழிப்படுத்தும் ரவுட்டர் ஒவ்வொன்றினுள்ளும், எத்தரவு எவ்வழியே செல்லவேண்டும் என்பன போன்ற கட்டளைகளின் தொகுதி ஒன்றுள்ளது. அதனை அமைவு என்பர். அதிற் பிழை நேரின், அந்த ரவுட்டரை நம்பியிருக்கும் மருத்துவமனையும் வங்கியும் தொடர்பின்றித் தவிக்க நேரிடும்.

இவ்வமைவைத் தொலைவிலிருந்து திருத்துவதற்கென, இணையப் பொறியியல் செயலணி 2006ஆம் ஆண்டில் வெளியிட்டு 2011ஆம் ஆண்டில் புதுக்கிய நெறிமுறையே நெற்கொன்ஃப் ஆகும். இதன்படி, பொறியியலாளர் ஒருவர் கருவியோடு தொடர்புகொண்டதும் ஓர் அமர்வு தொடங்குகின்றது. கருவி அதற்கு ஓர் எண்ணை வழங்குகின்றது. திருத்தத் தொடங்குமுன் அவர் பூட்டைக் கோரலாம். பூட்டுக் கிடைத்தபின், அது விடுவிக்கப்படும்வரை, ஏனையோர் அமைவைப் படிக்கலாம், மாற்றுதல் இயலாது. வேறொருவர் பூட்டைக் கேட்பின், கருவி மறுப்பதோடு அமையாது, பூட்டை வைத்திருக்கும் அமர்வின் எண்ணையும் அறிவிக்கும்.

இங்கு கருதத்தக்கது ஒன்றுண்டு. பூட்டு ஆளுக்கு உரியதன்று, அமர்வுக்கே உரியது. ஒருவரே இரண்டு அமர்வுகளைத் தொடங்கினாலும், ஒன்றிற் பெற்ற பூட்டு மற்றொன்றுக்கு உதவாது. இதனால் விளையும் நன்மை பெரிது. பூட்டியவரின் கணினி பழுதுற்று அமர்வு முடிவுறின், பூட்டும் தானே நீங்கிவிடும்.

ஆயினும், சில வேளைகளில் அமர்வு முடியாமலும் இயங்காமலும் கிடப்பதுண்டு. அப்பொழுது, அதற்கான அதிகாரம் பெற்ற மற்றொருவர், மறுப்புச் செய்தியிற் கண்ட எண்ணைக் குறிப்பிட்டு, அவ்வமர்வை முடிக்குமாறு கட்டளையிடலாம். கருவி நடைபெறும் வேலையை நிறுத்தி, பூட்டை விடுவித்து, தொடர்பைத் துண்டிக்கும்.

இவ்விடத்திலேயே பலர் ஏமாறுவர். பூட்டு நீங்கியதனால் அமைவும் பழைய நிலைக்கு மீண்டுவிட்டதெனக் கொள்ளலாகாது. நடைமுறையிலுள்ள அமைவில் முன்னரே எழுதப்பட்டவை, அரைகுறையாயினும், அப்படியே நிற்கும். கணக்கரை எழுப்பி அனுப்பிவிட்டாலும் அவர் எழுதிய வரிகள் ஏட்டில் இருப்பது போன்றதே இது.

இதற்கும் ஒரு காப்பு உண்டு. சில கருவிகள் மாற்றத்தைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு, பின்னர் உறுதிமொழியை எதிர்பார்த்திருக்கும். வேறு கால எல்லை குறிக்கப்படாவிடின், 600 விநாடிகளுள் உறுதி வராதபோது பழைய அமைவுக்கே திரும்பிவிடும். இடையில் அவ்வமர்வு வலிந்து முடிக்கப்படினும் அவ்வாறே மீளும்.

ஆகவே, பிறரது அமர்வை முடித்துப் பூட்டைப் பெறுபவர் உடனே எழுதத் தொடங்குதல் தகாது. முதலில் அமைவை முழுவதும் படித்து, முன்னையவர் எவ்விடத்தில் விட்டுச் சென்றார் என்பதை அறிதல் வேண்டும். பூட்டு ஒருவரது கையை மற்றவர் கையினின்று காக்கும். எழுதியது சரியா என்பதை ஆராய்வது மனிதரின் பொறுப்பேயாகும்.