கோர்ட்டில் பருத்தி, கையில் சாமை

கரியாலூரில் சாமை விதையை நாங்களே எடுத்து வைக்கிறோம். பி.டி. பருத்திக்கோ வருசா வருசம் கடை விதைதான். அதன் காப்புரிமைக்காக மான்சாண்டோவும் நுஜிவீடு கம்பெனியும் மோதின கதை நமக்கும் தெரியணும்.

2018 ஏப்ரல் 11-ல் டெல்லி உயர்நீதிமன்றம் காப்புரிமை செல்லாதுன்னு சொன்னது. ஆனா வழக்கை முழுசா மூடலை. மீதிப் பகுதி நடக்கட்டும், பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிய 3 மாத அவகாசம்னு விட்டது. 2019 ஜனவரி 8-ல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, முழு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2021-ல் இரு தரப்பும் சமரசம்! கேள்வி அப்படியே நின்னுடுச்சு.

நமக்குப் பிடிமானம் 2001-ஆம் ஆண்டு அந்தப் பயிர் ரகச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு: விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாத்திக்கலாம், விற்கலாம், பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. இந்த அறுவடையில் நல்ல கதிரா பார்த்து ஒதுக்கி வையுங்க.