புரட்டாசிக்குள் அடங்கிய ஆயுள்

புரட்டாசி பிறந்தால் கறிக்கடையில் கூட்டம் குறையும். கோழி விலை இறங்கும். திருநள்ளாற்றுக்குப் பக்கத்திலிருக்கும் நெடுங்காட்டில் சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள் வருஷம் முழுக்கவே உண்டு. ஐப்பசி வந்ததும் விரதம் முடிகிறது. தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, இட்லிக்குக் கறிக்குழம்பு.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20, அதாவது ஐப்பசி 3. பிராய்லர் கோழி விற்பனைக்கு வர ஏறக்குறைய 40 நாள் போதும். அன்று குழம்பில் வெந்த கோழி, ஆவணிக் கடைசியில் பொரித்த குஞ்சு. நாம் வாயைக் கட்டிய புரட்டாசி முழுவதும் அதன் ஆயுளுக்குள் அடங்கிவிட்டது. விரதம் பெருமாளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். கோழிக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை.

அந்த 40 நாளும் சுகமானவை அல்ல. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பழைய, புதிய இனக் கோழிகளை ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் 1957-ஆம் ஆண்டு இனம் 905 கிராம். 2005-ஆம் ஆண்டு இனம் 4,202 கிராம். சதை ஏறும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. நொண்டியபடி தீவனத் தட்டுக்குப் போகும் கோழியைப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தருவது. பெரும்பாலோருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலிதான்.

ஆட்டுக்கறி விலைக்குப் பயந்து கோழிக்கு மாறும் வீடுகள் அதிகம். பத்துக் கிலோ கறிக்கு ஓர் ஆடு போதும். கோழி என்றால் ஏழெட்டு வேண்டும்.

சைவம் என்றாலே இங்கே சாதி வாடை அடிக்கும். வாடகைக்கு வீடு தேடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கறி தின்பவரை மட்டமாகப் பார்க்கிற பேச்சுக்கு நான் ஆள் இல்லை. 1867-இல் வடலூரில் தருமசாலை திறந்த வள்ளலாருக்குப் பசித்த மனிதரும் வதைபடும் உயிரும் ஒரே கருணைக்குள் வந்தார்கள்.

கறி இல்லாமல் பண்டிகையா என்று கேட்பவர்கள் பொங்கலை நினைத்துப் பார்க்கட்டும். திருவாதிரைக் களிக்கு டெல்டாவில் வைக்கும் ஏழுகறிக் குழம்பு தீபாவளி இட்லிக்கும் சேரும். பறங்கி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, அவரை, கத்திரி, மொச்சை. கறிக்குழம்பின் காரம்தான் வேண்டுமென்றால் மிளகும் சோம்பும் வறுத்து அரைத்துவிடலாம்; தடுப்பார் யாருமில்லை. சேனையை மட்டும் முதலில் தனியாக வேகவைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதை மறுநாள் சுண்டவைத்தால் பழைய சோற்றுக்கு ஆகும்.