ஈற்றில் நிற்கும் குறள்: இரவல் அடிகளால் அமைந்த வெண்பாக்கள்

பிறர் பாடிய அடிகளை எடுத்துத் தம் பாட்டில் வைப்பதை இன்று பலர் திருட்டு என்கின்றனர்; சிலர் வெறும் பயிற்சி என்று ஒதுக்குகின்றனர். பழந்தமிழ் மரபு இரண்டையும் ஏற்கவில்லை. முந்தையோரின் கருத்தோடு அவர்தம் சொற்களையும் மதிக்கிறோம் என்பதைக் காட்டவே பழைய நூற்பாக்களை எடுத்தாள்வதாக நன்னூலார் காரணம் கூறுகிறார். இலக்கண நூலுக்குச் சொல்லப்பட்ட இக்காரணம் செய்யுளில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைச் சோமேசர் முதுமொழி வெண்பாவைக் கொண்டு இங்கு விளக்க முயல்கிறேன்.

இரவல் அடிகளால் பாடுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. நான்காம் நூற்றாண்டில் இலத்தீன் புலவர் ஆசோனியசு, வர்ஜிலின் அடிகளையும் அடித்துண்டுகளையும் ஒட்டி ஒரு திருமணப் பாட்டே இயற்றினார். அவ்வகைக்கு வழங்கிய ‘சென்டோ’ என்ற பெயருக்கு ஒட்டுத்துணி என்பது பொருள். அங்கே எல்லாமே இரவல். நம் புலவர்கள் பாதியை இரவல் வாங்கிப் பாதியைத் தாமே பாடினர். இதுவே கடினமான வழி என்பது என் கருத்து. பழையதன் அருகிலேயே தம் சொல்லை நிறுத்திக் காட்ட வேண்டியிருக்கிறதன்றோ!

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், திருக்குறளின் 133 அதிகாரங்களிலிருந்தும் அதிகாரத்திற்கு ஒன்றாகக் குறளைத் தெரிந்தெடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு வெண்பாவின் பின்னிரண்டு அடிகளாக வைத்தார். முன்னிரண்டு அடிகளில் பெரும்பாலும் புராணத்திலிருந்தோ இதிகாசத்திலிருந்தோ, அடியார் வரலாற்றிலிருந்தோ ஒரு நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்லிச் சோமேசப் பெருமானை விளிக்கிறார். அந்நிகழ்ச்சிக்குச் சான்றாகக் குறள் வந்து நிற்கிறது.

யாப்பு இதற்கு இடம் கொடுப்பதைக் கவனிக்க வேண்டும். குறள் வெண்பாவிற்கு ஏழு சீர். நேரிசை வெண்பாவிற்குப் பதினைந்து. குறள் பின்னிரண்டு அடிகளில் கூட்டாமல் குறைக்காமல் பொருந்திவிடும். முன்னுள்ள எட்டுச் சீர்களில் ‘சோமேசா’ என்னும் விளி ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஆக, முனிவருக்கு எஞ்சுவதும் ஏழு சீர்தான். வள்ளுவருக்கு ஏழு, அவருக்கு ஏழு!

அந்த ஏழினுள் மிகுந்த உழைப்பைக் கேட்பது தனிச்சொல். முதல் வெண்பாவில் ‘சோமேசா’வை அடுத்து ‘ஓரில்’ (ஆராய்ந்தால்) என்னும் சொல் நிற்கிறது. அதன்பின் ‘அகர’ என்று குறள் தொடங்குகிறது. ‘சோமேசா’ காய்ச்சீர், காய் முன் நேர் வரவேண்டும். ‘ஓரில்’ நேரசையில் தொடங்குகிறது. ‘அகர’வோ நிரையசையில் தொடங்குவது, அதற்கு முன் மாச்சீர் வேண்டும். ‘ஓரில்’ தேமா. இவற்றோடு மேலிரண்டு அடிகளின் எதுகைக்கும் இச்சொல் இசைய வேண்டும். பொருளிலும் கதையைக் குறளோடு இணைக்க வேண்டும். இத்தனையையும் தாங்குவது ஈரசைச் சொல் ஒன்றே. தச்சர் இரு மரத்துண்டுகளைச் சேர்க்கும் பொருத்துவாயைப் போன்றது இது. குறளில் ஓர் எழுத்தையும் மாற்ற உரிமையில்லாதவர், தமக்குள்ள சிறிய இடத்தில்தான் எல்லாவற்றையும் சரிசெய்தாக வேண்டும்.

எழுத்து மாறவில்லை, பொருள் மாறவில்லையா? மாறுகிறது. வள்ளுவர் தம் முதற்குறளில் சிவன் பெயரையோ வேறொரு சமயத் தெய்வத்தின் பெயரையோ குறித்தாரல்லர். ‘ஆதி பகவன்’ என்பதைச் சமணர் ஆதிநாதராகக் கொள்வர். முனிவரோ, குறளிலுள்ள உவமையாலும் அடைமொழியாலும் அவ்விறை நீயே எனத் தெளிந்தோம் என்று சோமேசரிடம் கூறுகிறார். இரவல் வாங்கியவர் முன்னே நின்றுகொண்டு, இரவல் கொடுத்தவரின் வாய்மொழிக்கு முகவரி எழுதிவிடுகிறார். இதை உரை என்றே நான் கொள்வேன். பக்கம் பக்கமாக எழுதப்படாமல் ஏழு சீரில் அடங்கிய உரை. உரையாசிரியரோடு மாறுபடும் உரிமை நமக்கு உண்டு. ஆகவே, முதலில் குறளைத் தனியே படித்துப் பொருள் உணர்ந்த பின்னரே வெண்பாவை முழுமையாகப் படிப்பது நல்லது. முறையை மாற்றிப் படிப்பவர், சைவக் குறளைத் தவிர வேறு குறள் உண்டு என்பதையே அறியாமற் போகக்கூடும்.

இவ்வகை நூல்கள் பல. சாந்தக் கவிராயரின் இரங்கேச வெண்பா, சென்ன மல்லையரின் சிவசிவ வெண்பா, குமார பாரதியின் திருத்தொண்டர் மாலை ஆகியன குறிப்பிடத்தக்கவை. ஒரே குறளுக்கு இருவர் வெவ்வேறு கதை சொல்லும் இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையான ஆய்வு.

நம் பள்ளிகளில் குறளை மனப்பாடமாக ஒப்பிக்கும் போட்டிகள் நடக்கின்றன. உயர்நிலை மாணவருக்குக் குறள் ஒன்றைக் கொடுத்து, அதற்கு முன் இரண்டடி பாடச் சொல்லலாம். ‘கற்க’ எனத் தொடங்கும் குறளுக்கு முன் ‘ஓரில்’ என்பதை வைத்தால் தளை தட்டும். அங்கே ‘ஓர்ந்திடில்’ என்று மாற்றினால் விளம் முன் நேர் வந்து சரியாகிவிடும். தளை ஏன் தட்டியது என்பதை அவர்களே அலகிட்டுக் கண்டுபிடிக்கட்டும்.