சகோதரத்தை இழந்த பிள்ளை

ஒரு வீட்டில் பிள்ளை இறந்தால், ஆறுதல் சொல்ல வருவோர் பெற்றோரையே தேடுகின்றனர். எஞ்சிய பதினைந்து வயதுப் பிள்ளையிடம், "அம்மாவுக்கு முன்னால் அழாதே" என்று சொல்லிப் போகின்றனர். 2004 ஆழிப்பேரலையின் பின்னரும், 2009இல் முடிந்த போரின் பின்னரும் பல வீடுகளில் இதுவே நடந்தது.

அடக்கிய துயர் தலையிடியாக, நித்திரையின்மையாக, சினமாக, படிப்பில் வெறுப்பாக வெளிப்படும். "தம்பி போய்விட்டான், நான் ஏன் தப்பினேன்?" என்ற குற்றவுணர்வும் வாட்டும். இதனைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ கருதலாகாது.

பெற்றோரே, இறந்த பிள்ளையின் பெயரை வீட்டில் தயங்காது சொல்லுங்கள். நடந்ததை மறைக்காது கூறுங்கள். "உன்னில் பிழையில்லை" என்று வாய்திறந்து சொல்லுங்கள். போனவரின் பொறுப்புகள் எல்லாவற்றையும் இருப்பவரின் தலையில் ஏற்றாதீர்கள். பாடசாலையும் விளையாட்டும் தொடரட்டும். கல்லறை விட்டுவந்த ஊரில் இருந்தால், இப்போது இருக்கும் இடத்திலேயே படம் வைத்து, அப்பிள்ளையின் கையாலேயே விளக்கேற்றச் செய்யுங்கள்.

"சாகவேணும்" என்று பேசினாலோ, மாதக்கணக்கில் ஒதுங்கியே இருந்தாலோ, தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சகோதரன் இலாசரை இழந்த மார்த்தாவிடமும் மரியாவிடமும் இயேசு அழவேண்டாம் என்று சொல்லவில்லை. தாமும் கண்ணீர் விட்டார்.