வீட்டுக்கு வரும் பாடம், வகுப்புக்குப் போகும் கேள்வி

பாடசாலையில் ஆசிரியர் பாடத்தை விளக்குவார். பிள்ளை வீட்டுக்கு வந்து பயிற்சியைச் செய்யும். நாம் அனைவரும் அறிந்த முறை இதுதான். ஆனால் பிள்ளை தடுமாறுவது எங்கே? ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைச் செய்து காட்டும்போது எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். இரவில் கொப்பியைத் திறந்து தானாகச் செய்யத் தொடங்கும்போதுதான் சிக்கல் வரும். அந்த நேரம் ஆசிரியர் பக்கத்தில் இல்லை. அம்மா மட்டுமே இருக்கின்றார்.

இந்த ஒழுங்கை மாற்றிப் போடுவதே ‘தலைகீழ் வகுப்பறை’ எனப்படுகின்றது. பாடத்தின் விளக்கத்தைப் பிள்ளை முதல் நாளே வீட்டில் பார்த்தோ வாசித்தோ வருகின்றது. வகுப்பு நேரம் பயிற்சிக்கும் கேள்விக்கும் குழுச் செயற்பாட்டுக்கும் பயன்படுகின்றது. பிள்ளை தடுமாறும் இடத்தில் ஆசிரியர் பக்கத்தில் நிற்கின்றார்.

எவ்வாறு தொடங்கியது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வூட்லண்ட் பார்க் என்னும் ஊரின் பாடசாலையில் ஜோனதன் பேர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரு இரசாயனவியல் ஆசிரியர்கள் 2007இல் தமது பாடங்களைக் காணொளியாகப் பதிவுசெய்யத் தொடங்கினர். விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தூர இடங்களுக்குப் போகும் மாணவர்கள் வகுப்புகளைத் தவறவிட்டதே அதற்குக் காரணம். பின்னர் எல்லா மாணவருக்கும் விளக்கத்தை வீட்டுக்குக் கொடுத்து, வகுப்பைப் பயிற்சிக்கு ஒதுக்கினர். இணைய வசதியில்லாத மாணவருக்குப் பாடத்தை இறுவட்டிலும் பென் டிரைவிலும் கொடுத்தனர். இந்த அனுபவத்தை 2012இல் நூலாகவும் எழுதினர்.

வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளின் கதை எமக்குப் புதிதல்ல. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகள் முகாம்களில் இருந்தபடியே படித்தார்கள். பலருக்குப் படிப்பு இடையில் நின்றது. அன்று சிறுமிகளாக இருந்தவர்கள் இன்று பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மார்.

கொரோனாக் காலம் காட்டியது

2020 மார்ச் மாதம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழில் பாடங்கள் ஒளிபரப்பாகின. ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் குறிப்புகளை அனுப்பினார்கள். பதுளைப் பக்கத்தில் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுப் பாதையால் பாறை உச்சிக்கு ஏறியதை 2021இல் உலகமே செய்தியாகப் பார்த்தது.

இதனைத் தலைகீழ் வகுப்பறை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அங்கே பாடம் வீட்டுக்கு வந்தது. கேள்வி கேட்பதற்கு வகுப்பு இருக்கவில்லை. பாதி முறை மட்டுமே நடந்தது.

அக்காலத்தில் இன்னொன்றையும் கண்டோம். ஒரே தொலைபேசி உள்ள வீடுகளில் அது பெரும்பாலும் மகனின் கைக்கே போனது. மகள் தம்பியைப் பார்த்து, சட்டி பானை கழுவி முடித்த பின்னர் மிச்ச டேட்டாவில்தான் அவளுக்குப் பாடம். வீட்டுக்குப் பாடத்தை அனுப்பும் எந்த முறையும், அந்த வீட்டில் யாருக்கு நேரம் கிடைக்கின்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காணொளிதான் வேண்டுமா?

இல்லை. 1980ஆம் ஆண்டு முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் பாடநூல் எமது பிள்ளைகளின் கையில் இருக்கின்றது. “நாளைக்கு இந்த இரண்டு பக்கத்தையும் வாசித்து, விளங்காத ஒன்றை எழுதி வாருங்கள்” என்று ஆசிரியர் சொன்னால் அதுவும் தலைகீழ் வகுப்பறையே. இணையம் உள்ளவர்களுக்குக் கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு. ஒருவர் இறக்கிய பாடத்தை மெமரி காட்டில் அயல் வீட்டாரும் பிரதி எடுக்கலாம்.

அம்மாவின் பங்கு

“நான் எட்டாம் வகுப்போட நிண்டுட்டன் மிஸ். பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?” என்று மூதூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டார். கணவரை இழந்து, காலையில் கூலி வேலைக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்புபவர். அவரது கேள்விக்குப் பதில் இதுதான்: சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. தாய் செய்யக்கூடியவை வேறு.

முதலாவது, அரை மணித்தியாலம். அந்த நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதில்லை, வேலைக்குக் கூப்பிடுவதில்லை. இந்த விதி மகளுக்கும் மகனுக்கும் ஒன்றே.

இரண்டாவது, “என்ன வாசித்தாய், எனக்குச் சொல்லு” என்று கேட்பது. அடுப்படியில் நின்றபடியே கேட்கலாம். இன்னொருவருக்குச் சொல்லும்போது பிள்ளைக்குப் பாடம் மனதில் பதியும். எங்கே விளங்கவில்லை என்பதும் தெரியவரும்.

மூன்றாவது, விளங்காததைக் கொப்பியில் ஒரு வரியாக எழுதுவித்து அனுப்புவது. அதற்கான பதில் அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பாடசாலையிடம் கேட்போம்

உங்கள் பாடசாலையில் இம்முறை தொடங்கப்பட்டால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நான்கு விடயங்களைக் கேளுங்கள். பாடம் வட்ஸ்அப்பில் மட்டும் வருமா, தொலைபேசி இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? வீட்டுப் பகுதி அரை மணித்தியாலத்துக்குள் முடியுமா? வாசிக்காமல் வந்த பிள்ளைக்கு ஏச்சும் தண்டனையும் இல்லாமல், வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் வாசிக்க இடம் கிடைக்குமா? பிள்ளை எழுதிவந்த கேள்விக்கு வகுப்பில் பதில் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியே முக்கியமானது. வீட்டிலும் பாடம், வகுப்பிலும் மீண்டும் அதே விளக்கம் என்றால் அது பிள்ளைக்கும் தாய்க்கும் இரட்டைச் சுமை மட்டுமே. அப்போது ரியூசனுக்குக் காசு கொடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை முன்னே போகும். மற்றப் பிள்ளை பின்தங்கும்.

யுத்தம் எம்மில் பலரின் படிப்பைப் பறித்தது. அதனால் எமது பிள்ளையின் படிப்பில் எமக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடத் தேவையில்லை, சகோதரிகளே. கூட்டத்தில் எழுந்து கேட்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை.