எழுத்துக் கோப்பும் பைதன் மொழியும்

கணினியிலே செய்நிரல் ஒன்று இயங்கும்போது அது கையாளும் பெயர்களும் எண்களும் தற்காலிக நினைவகத்திலேயே தங்குகின்றன. செய்நிரல் முடிந்ததும் அவை மறைந்துபோம். நேற்றுப் பதிந்த நூற்பட்டியலை இன்று எடுத்துப் பார்க்க வேண்டுமாயின், அதனை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைத்தல் வேண்டும். எழுத்துகளும் வரியிறுதிக் குறிகளுமன்றி அலங்காரம் எதுவுமில்லாத கோப்பு எழுத்துக் கோப்பு எனப்படும். அதனைப் படித்தலும் எழுதுதலும் செய்நிரலாக்கம் கற்பார்க்குரிய தொடக்கப் பாடங்களுள் ஒன்றாம். எளிய பாடமேயாயினும், கவனம் பிழைப்பின் உள்ள பொருளையும் இழக்கச் செய்யும் இடம் அதனகத்தே உண்டு.

இப்பாடத்தைப் பைதன் என்னும் மொழியைக் கொண்டு விளக்குதல் எளிது. ஒல்லாந்து தேசத்தவரான கைடோ வான் ரொசம் என்பார் 1989ஆம் ஆண்டின் இறுதியில் இம்மொழியை ஆக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். அதற்கு முன்னர் அவர் அம்ஸ்ரடாம் நகரிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்திலே, தொடக்க மாணாக்கரையும் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்ட ஏபிசி என்னும் மொழியின் ஆக்கத்தில் உழைத்தவர். கற்பார்க்கு எளிமை வேண்டும் என்னும் நோக்கம் பைதனிலும் தொடர்ந்தது. அம்மொழியின் கட்டளைகள் ரோமன் எழுத்தில் எழுதப்படுவன. ஈண்டு அவை ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

கோப்பைத் திறப்பதற்குரிய கட்டளை ‘ஓபன்’ என்பது. அதற்குக் கோப்பின் பெயரையும், எந்நோக்கத்தோடு திறக்கின்றோம் என்பதைக் காட்டும் ஓர் எழுத்தையும் கொடுத்தல் வேண்டும். ‘ஆர்’ என்பது படித்தற்கு. ‘டபிள்யூ’ என்பது புதிதாய் எழுதுதற்கு. ‘ஏ’ என்பது உள்ளதன் இறுதியிற் சேர்த்தற்கு. இவற்றுள் ‘டபிள்யூ’ மிக விழிப்போடு கையாளத்தக்கது. அப்பெயருடைய கோப்பு முன்னரே இருப்பின், திறந்த மாத்திரத்தில் அதன் உள்ளடக்கம் முழுவதும் அழிந்துவிடும், ஓரெழுத்தாயினும் எழுதவேண்டுமென்பதில்லை. ஓலைச்சுவடியை விரித்தமையால் அதிலுள்ள எழுத்து அழிவதில்லை. கோப்பின் இயல்பு அத்தகையதன்று. ஆயிரம் நூல்களின் பட்டியலில் மேலும் ஒரு நூலைச் சேர்க்கப் புகுந்தவன் ‘ஏ’ என எழுதவேண்டிய இடத்தில் ‘டபிள்யூ’ என எழுதுவானாயின், ஆயிரமும் போய் ஒன்றே எஞ்சும். கணினி அதனைப் பிழையென்று அறிவிப்பதுமில்லை. இட்ட கட்டளையை அது நிறைவேற்றியதேயாம். இவ்விடரைத் தவிர்த்தற்கு ‘எக்ஸ்’ என்னும் எழுத்தும் உண்டு. அது புதிய கோப்பை மாத்திரம் ஆக்கும். அப்பெயரில் ஒன்று இருப்பின் மறுத்துவிடும்.

படிக்கும்போது அறியவேண்டியன இரண்டு. கோப்பு முழுவதையும் ‘ரீட்’ என்னும் கட்டளையால் ஒருங்கே பெறலாம். பெரிய கோப்பாயின் வரிவரியாகப் படித்தலே நன்று. வரிவரியாகப் படிக்குங்கால் ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் வரியிறுதிக் குறி ஒட்டிவரும். அதனை நீக்கிக் கொள்ளல் வேண்டும். இது முதலாவது. கோப்பிலிருந்து வருவன யாவும் எழுத்துத் தொடர்களே என்பது இரண்டாவது. 25, 10 என்னும் எண்களைப் படித்து அவ்வாறே கூட்டினால் 35 வாராது. இரண்டும் ஒட்டி 2510 என நிற்கும். எண்ணாக மாற்றிய பின்னரே கணக்குச் செய்யலாம்.

எழுதுமிடத்து ‘ரைட்’ என்னும் கட்டளை தரப்பட்டதை மாத்திரம் எழுதும். வரியிறுதிக் குறியைத் தானாகச் சேர்ப்பதில்லை. அன்றியும், எழுதியவை உடனே வட்டை அடையா. அவை இடைத்தாங்கி நினைவகத்தில் திரண்டு நின்று, கோப்பு மூடப்படும்போது எஞ்சியவும் வட்டிற் சேர்கின்றன. மூடுமுன் செய்நிரல் திடீரென நின்றுவிடின் இறுதிப் பகுதி இழக்கப்படலாம். ‘வித்’ என்னும் கட்டளையின் கீழே திறக்கப்படும் கோப்பு, அப்பகுதி முடிந்ததும், இடையே பிழை நேரினும், தானாக மூடப்படும். 2006இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பிற் சேர்ந்த இவ்வசதியை மாணாக்கர் தொடக்கத்திலிருந்தே பழகிக்கொள்ளல் தகும்.

தமிழில் எழுதுவார்க்கு மற்றொன்றும் உண்டு. கோப்பிலே நிற்பன உண்மையில் எண்களே. எவ்வெண் எவ்வெழுத்தைக் குறிக்கும் என்பதைக் குறிமுறை ஒன்று வகுக்கின்றது. கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992இல் அமைத்த யூ.டி.எப். 8 என்னும் முறை இன்று பெருவழக்கிலுள்ளது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் நாம் காணும் எழுத்து மூன்று. யுனிகோட் முறையோ இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்தெனக் கொள்ளும். யூ.டி.எப். 8 முறையில் அவை ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளாக, மொத்தம் பதினைந்து பைற்றுகள் கோப்பிற் சேரும். இவற்றை வேறொரு குறிமுறையாற் படிக்க முயலின், பொருளற்ற குறிகள் தோன்றும், அல்லது செய்நிரல் பிழை கூறி நிற்கும். ஆதலின் எழுதும்போதும் படிக்கும்போதும் குறிமுறையின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிடல் வேண்டும்.

பழைய கோப்பைத் திருத்தி எழுதவேண்டுவார்க்குச் சிறந்த வழி ஒன்றுண்டு. திருத்திய பட்டியலை வேறு பெயரில் எழுதி மூடி, மீண்டும் படித்துச் சரிபார்த்து, அதன்பின் பழையதன் இடத்தில் அதனை வைத்தலே அது. இடையில் மின்சாரம் தடைப்படினும் பழைய பட்டியல் பழுதின்றி இருக்கும். சில நிமிடமே வேண்டும் இவ்வழக்கம், பல மாத உழைப்பைக் காத்துத் தரும்.