தபாலில் போகும் உள்ளாட்சி வாக்கு

அமெரிக்காவில் மேயர், நகர மன்றம், பள்ளி வாரியம் போன்றவற்றுக்கு நடக்கும் தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குப் போகாமலேயே வாக்களிக்க வழி உண்டு. வாக்காளர் தன் ஊர்த் தேர்தல் அலுவலகத்துக்கு விண்ணப்பித்து வாக்குச்சீட்டை வீட்டுக்கு வரவழைக்கலாம்; அதை நிரப்பி, உறையில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால் போதும். 1860-களின் உள்நாட்டுப் போரில் களத்திலிருந்த வீரர்களுக்காகச் சில மாநிலங்கள் செய்த ஏற்பாட்டில் இதன் வேர் இருக்கிறது. ராணுவத்தில் இல்லாத பொதுமக்களுக்கும் இந்த உரிமையை வெர்மான்ட் மாநிலம் 1896-இல் வழங்கியது. எல்லா வாக்காளருக்கும் சீட்டைத் தபாலிலேயே அனுப்பிவிடும் ஓரிகன் மாநிலம், அந்த முறையை 1980-களில் முதலில் சோதித்துப் பார்த்தது உள்ளாட்சித் தேர்தல்களில்தான்.

தேர்தல் விதிகளைப் பெரும்பாலும் மாநிலங்களே வகுக்கின்றன. அதனால் ஒரு மாநிலத்தில் செல்லுவது பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம். டெக்சாஸில் 65 வயதைத் தொட்டவர், நோயாளி, மாற்றுத்திறனாளி, தேர்தல் சமயத்தில் வெளியூரில் இருப்பவர் என்று சில பிரிவினருக்கு மட்டுமே தபால் வாக்கு. மிச்சிகனில் அப்படிக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பதிவு பெற்ற எல்லா வாக்காளருக்கும் இதை உரிமையாக்கினார்கள். 2022-இல் வந்த இன்னொரு திருத்தம் தபால் செலவையும் மாநிலத்தின் தலையில் வைத்தது. எந்த மாநிலமானாலும் மாநில, தேசியத் தேர்தல்களில் குடியுரிமை பெற்றவருக்குத்தான் வாக்கு. கிரீன் கார்டுடன் அங்கே வாழும் தமிழர்கள் வரி கட்டலாம், பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். மிச்சிகனில் அந்தப் பள்ளியின் வாரியத்துக்கு வாக்களிக்க முடியாது.

மிச்சிகனின் நடைமுறையை எடுத்துக்கொண்டால், விண்ணப்பம் போவது தலைநகரிலுள்ள ஆணையத்துக்கு அல்ல. அந்தந்த நகரத்தின் அல்லது டவுன்ஷிப் எனும் ஊராட்சிப் பகுதியின் கிளார்க்குக்கு. இவர் மேசையில் கோப்பு நகர்த்தும் குமாஸ்தா அல்ல. ஊரின் ஆவணங்களுக்கும் தேர்தலுக்கும் பொறுப்பான அதிகாரி. டவுன்ஷிப்புகளில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். இப்படி 1,500-க்கும் மேற்பட்ட கிளார்க்குகள் அந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், கையொப்பம் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து மின்னஞ்சலிலும் அனுப்பலாம். மாநில ஓட்டுநர் உரிமம் உள்ளவர்கள் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தொலைபேசியில் கேட்டால் மட்டும் கிடைக்காது, கையொப்பம் வேண்டும். அந்தக் கையொப்பத்தை வாக்காளர் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சீட்டு அனுப்பப்படும்.

ஒவ்வொரு முறையும் விண்ணப்பிக்கச் சலிப்பவர்களுக்கு நிரந்தரப் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் சேர்த்துவிட்டால் எல்லாத் தேர்தலுக்கும் சீட்டு தானாக வந்து சேரும். உள்ளாட்சித் தேர்தலுக்கு இது பெரிய உதவி. அதிபர் தேர்தலை மறப்பவர் யாருமில்லை. நூலகத்துக்காகச் சொத்துவரியைச் சற்று உயர்த்தலாமா என்று ஒற்றைப்படை ஆண்டில் ஊர் மக்களைக் கேட்கும் தேர்தல் பலர் காதில் விழுவதே இல்லை. ஆனால் வீடு மாறினால் கிளார்க்குக்குத் தெரிவிக்க வேண்டியது வாக்காளர் பொறுப்பு. அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் எழுதிக்கொடுத்தால் கடிதங்கள் பின்னால் வரும், வாக்குச்சீட்டு வராது.

தேர்தலுக்கு 40 நாள் முன்பிருந்தே சீட்டுகள் கிடைக்கத் தொடங்கும். தபாலில் பெற விரும்புபவர் தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. விதியை நம்பி அன்றைக்கு விண்ணப்பித்தால், செவ்வாய்க்கிழமைத் தேர்தலுக்குள் சீட்டு வந்து, நிரப்பி, திரும்பிப் போய்ச் சேர்வது நடக்கிற காரியமல்ல. அந்த நேரத்தில் கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போவதே உத்தமம். திங்கட்கிழமை மாலை 4 மணி வரை அங்கேயே சீட்டைப் பெற்று, அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.

வீட்டுக்கு வரும் கவரில் மூன்று பொருள்கள் இருக்கும்: வாக்குச்சீட்டு, அதை மறைத்து வைக்க ஓர் அட்டை உறை, திருப்பி அனுப்பும் உறை. சீட்டில் பெயருக்கு அருகிலுள்ள சிறு வட்டத்தைக் கறுப்பு அல்லது நீலப் பேனாவால் முழுவதும் நிரப்ப வேண்டும். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது முக்கியம்; வரி, கடன்பத்திரம் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நிரப்பிய சீட்டை மறைப்பு உறைக்குள் செருகி, அதை வெளி உறைக்குள் வைத்து ஒட்டி, வெளி உறையின் மேல் கையொப்பமிட வேண்டும். கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் ஒன்றாக உட்கார்ந்து நிரப்பி, ஒருவர் உறையில் மற்றவர் கையெழுத்துப் போட்டுவிடுவது கிளார்க்குகளுக்குப் பழகிப்போன குழப்பம்.

தபால் வாக்கில் தகராறு பெரும்பாலும் உள்ளே இருக்கும் சீட்டைப் பற்றி வருவதில்லை, வெளியே இருக்கும் உறையைப் பற்றித்தான். பென்சில்வேனியாவின் லீஹை மாவட்டத்தில் 2021 நவம்பரில் நடந்த நீதிபதி தேர்தல் இதற்குச் சரியான சான்று. (அங்கே நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.) எண்ணிக்கையில் ஒருவர் 71 வாக்கு முன்னணியில் இருந்தார். எண்ணாமல் ஒதுக்கி வைத்த 257 உறைகள் மீதி. எல்லாம் நேரத்துக்கு வந்தவை, கையொப்பம் உள்ளவை. பக்கத்தில் எழுத வேண்டிய தேதிதான் இல்லை. வாக்காளர்கள் ஐந்து பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். உறை வந்த நாளை அலுவலகமே குறித்து வைத்திருக்கும்போது, வாக்காளர் தேதி எழுதாததால் என்ன குறைந்துவிட்டது என்பது அவர்கள் கேள்வி. எண்ணும்படி கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. எண்ணி முடித்தபோது எதிர் வேட்பாளர் 5 வாக்கில் வென்றிருந்தார். அந்தத் தீர்ப்பைப் பின்னர் உச்ச நீதிமன்றம் நீக்கினாலும் தேர்தல் முடிவு மாறவில்லை. தேதி பற்றிய வழக்குகளும் ஓயவில்லை.

திருப்பி அனுப்புவதில் முதல் எதிரி தாமதம். மிச்சிகனில் தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் உறை கிளார்க் கைக்கு வந்தாக வேண்டும். உள்நாட்டு வாக்காளர் முந்தின நாளே தபாலில் சேர்த்தார், முத்திரை இருக்கிறது என்பதெல்லாம் எடுபடாது. 2020 ஆகஸ்டில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த முதற்கட்டத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட 10,600-க்கும் மேற்பட்ட தபால் வாக்குகளில் 6,400-க்கும் அதிகமானவை தாமதமாக வந்தவையே. ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்பிவிடும்படி அஞ்சல் துறையே சொல்கிறது. அதற்குள் முடியாதவர்கள் தங்கள் ஊருக்குரிய வாக்குப் பெட்டியில், அதாவது கேமரா கண்காணிப்பில் இருக்கும் டிராப் பாக்ஸில் போடலாம். பக்கத்து ஊர்ப் பெட்டியில் போடுவது சரியல்ல. அந்த ஊர்க் கிளார்க் வேறு. உறை எங்கே இருக்கிறது என்று மாநில இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவும் முடியும். கையொப்பம் விடுபட்டிருந்தாலோ பொருந்தாவிட்டாலோ கிளார்க் தகவல் தர வேண்டும்; சரிசெய்ய வாக்காளருக்கு அவகாசமும் உண்டு.

யார் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பதிலும் மிச்சிகன் சட்டம் கறாரானது. பொதுவாக வாக்காளர், அவருடைய நெருங்கிய குடும்பத்தார், அதே வீட்டில் வசிப்பவர் ஆகியோரே சேர்க்கலாம். உதவி செய்கிறேன் என்று கட்சிக்காரர் வீடு வீடாக வாங்கிப் போக முடியாது. இத்தகைய கண்டிப்பு ஏன் தேவை என்பதற்கு மற்ற மாநிலங்களில் சான்று இருக்கிறது. மியாமியில் 1997-இல் நடந்த மேயர் தேர்தலில் தபால் வாக்குகளில் மோசடி நிரூபணமானது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தபால் வாக்குகள் அனைத்தையும் தள்ளுபடி செய்து, பதவியில் இருந்தவரை இறக்கி ஜோ கரோயோவை மேயராக்கியது. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 2023 செப்டம்பரில் ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தலில், மேயர் ஜோ கேனிம் 251 வாக்கில் முந்தினார். சிலர் பெட்டியில் கட்டுக்கட்டாக உறைகளைப் போடும் கேமரா காட்சிகள் வெளிவந்தன. நீதிபதி மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். 2024 ஜனவரியில் நடந்த மறுதேர்தலிலும் கேனிமே வென்றார். இதைக் காட்டித் தபால் வாக்கே மோசடி என்பவர்கள் உண்டு. பிடித்துக் கொடுத்தது பெட்டி மேலிருந்த கேமராதான் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

சீட்டு வாங்கியபின் மனம் மாறி நேரில் வாக்களிக்க விரும்புபவர் அந்தச் சீட்டை வாக்குச்சாவடியில் ஒப்படைக்க வேண்டும். தொலைந்திருந்தால் அதை எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். தபாலில் அனுப்பிய பின், தேர்தல் நாளுக்கு முன் இறந்துவிட்டவரின் வாக்கை மிச்சிகன் எண்ணாது.

எண்ணும் இடத்தில் இரு பெரிய கட்சிகளையும் சேர்ந்த தேர்தல் பணியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சீட்டின் ஓரத்தில் உள்ள துண்டில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது அந்த வாக்காளருக்கு அனுப்பிய எண்தானா என்று பார்த்தபின் துண்டைக் கிழித்துவிடுவார்கள். அதன் பிறகு அது யாருடைய சீட்டு என்று கண்டுபிடிக்க வழியில்லை; மற்ற சீட்டுகளோடு சேர்ந்து இயந்திரத்துக்குள் போகும்.